அடுத்தவருக்கு ஓர் இழை

அத்தியாயம் 14

குச்சி உள்ளே போகவில்லை.

மில்லி அதை எடுத்து, துணியால் துடைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்தாள். துளையின் அளவு பார்க்கும் எஃகுக் குச்சி அதன் வாயில் உட்கார்ந்தது. அதற்கு மேல் ஓர் இம்மி நகர மாட்டேன் என்றது. அடுத்த துளையில் வைத்தாள். அதுவும் அப்படித்தான். பன்னிரண்டையும் பார்த்து முடித்த பிறகுதான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழே முக்கால்.

பதினோரு மணிக்கு அவர்கள் வருகிறார்கள்.

அவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். அறுவை சிகிச்சை செய்யும் இயந்திரக் கை தயாரிக்கும் கம்பெனி. கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, தங்கள் புதிய ஆய்வுக்கூடத்தை எங்கே கட்டலாம் என்று மூன்று ஊர்களைப் பார்க்கக் கிளம்பியவர்கள். முதல் ஊரைப் பார்த்தாயிற்று. இன்று இந்தத் தெரு. நாளை மூன்றாவது ஊர். மூன்று ஊரிடமும் அவர்கள் கேட்டது ஒன்றுதான்: இயந்திரக் கையின் விரல் மூட்டு, பன்னிரண்டு எண்ணம், டிராயிங்கில் உள்ளபடி.

போன வாரம் அந்தப் பன்னிரண்டும் மரத்தட்டில் ஏறித் தெருவைச் சுற்றக் கிளம்பின. நேற்று மாலை சுற்றி முடித்துப் பட்டறைக்கு வந்து சேர்ந்தன. பளபளவென்று, பார்க்க லட்சணமாக. குச்சி மட்டும் போகவில்லை.

மில்லிக்கு வீட்டில் வைத்த பெயர் வேறு. ஒன்பதாம் வகுப்புப் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அப்பாவின் லேத் பட்டறையில் வந்து உட்கார்ந்தவள், ஒரே மாதத்தில் விரலால் தடவியே அளவு சொல்ல ஆரம்பித்துவிட்டாள். மில்லிமீட்டர் என்று அப்பா கேலி செய்தார். பெயர் பாதியாகி, பதினாறு வருஷமாக ஒட்டிக்கொண்டது. அவள் பள்ளியை விட்டதற்குப் பெரிய கதை எதுவும் இல்லை. வகுப்பில் எழுந்து நின்று பதில் சொல் என்றால் அவளுக்குத் தொண்டையில் இரும்புச் சுருள் சிக்கிக்கொள்ளும். லேத் ஓடும் இடத்தில் யாரும் யாரையும் எழுந்து நின்று எதுவும் சொல்லச் சொல்வதில்லை.

"என்ன மில்லி, டிரில் முறிஞ்ச மாதிரி முகத்தை வச்சிருக்கே?" என்று கேட்டுக்கொண்டே அப்பா வந்தார்.

 மூட்டையும் குச்சியையும் அவர் கையில் கொடுத்தாள். அப்பா அழுத்திப் பார்த்தார். அவர் முகமும் அதே மாதிரி ஆனது.

"குச்சியில எமரித் தாள் சுத்தி நாலு இழுப்பு இழுத்தா போயிடும்."

"போகும்ப்பா. ஓட்டை வட்டமா இருக்காது. முட்டையா இருக்கும்."

மாடிப்படியில் தடதடவென்று தம்பி இறங்கி வந்தான். வெளிநாட்டு வேலையை விட்டுவிட்டு வந்து, பட்டறைக்கு மேலே இரண்டு அறையில் நான்கு நண்பர்களோடு கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு இருப்பவன். இந்தக் கம்பெனியை இந்தத் தெருவுக்கு இழுத்து வந்ததே அவன்தான். எதற்கெடுத்தாலும் டிராயிங்படி, டிராயிங்படி என்பதால் அப்பா அவனுக்கு டிராயிங் துரை என்று பட்டம் கொடுத்திருந்தார்.

"எல்லாக் கடைக்கும் டிராயிங் அனுப்பினேனே. எல்லாரும் ஓகேன்னாங்களே," என்றான். நெற்றி வேர்த்திருந்தது. "சரி, கரண்ட் போச்சுன்னு சொல்லி ரெண்டு நாள் தள்ளி வைக்கலாம்."

"சொல்லு," என்றது உள்ளேயிருந்து அம்மாவின் குரல். தெருவின் பாதிக் கடைகளுக்கு ஆர்டர் வாங்கி ஆர்டர் பிரித்துக் கொடுப்பது அம்மாவின் போன்தான். "அவங்க வாசல்ல வந்து நிக்கிறப்ப எதிர்க்கடையில மெஷின் ஓடும். ரொம்ப நல்லா இருக்கும்."

மில்லி தட்டை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினாள்.

காலை எட்டு மணிக்கே தெரு முழு மூச்சில் இருந்தது. ஒரு காலத்தில் இங்கே சைக்கிள் போக்ஸ் கம்பி செய்தார்கள். பிறகு தையல் மிஷின் பாகம், அதன் பிறகு பம்பு தண்டு. எட்டு வருஷத்துக்கு முன்னால் யாரோ ஒருவன் கேமராவுக்கு ஒரு வளையம் வேண்டும் என்று வந்தான். அவனுக்குச் செய்து கொடுத்த கையைப் பார்த்து அடுத்தவன் வந்தான். இப்போது ரப்பர் ஸ்டாம்ப் செய்தவர் சர்க்யூட் போர்டு அச்சடிக்கிறார். கடிகாரம் ரிப்பேர் பார்த்தவர் பூதக்கண்ணாடிக்குக் கீழே கடுகளவு சென்சார்களைப் பற்றவைக்கிறார். மூடிக்கிடந்த தியேட்டரின் பால்கனியில் நின்று பெண் பிள்ளைகள் ட்ரோன் பறக்கவிட்டு சோதிக்கிறார்கள். திரை கிழிந்தால் யாரும் திட்டுவதில்லை. டீக்கடைச் சுவரில் போன் சார்ஜ் போட முப்பது துளை இருக்கிறது, நான்கு மொழியில் கடன் இல்லை என்று எழுதியிருக்கிறது. மாடி அறை ஒன்றுகூடக் காலி இல்லை.

நூற்றுப் பதினேழு கடை. இந்தக் கம்பெனி வந்தால் அதன் பின்னாலேயே இருபது கம்பெனி வரும் என்று தம்பி கணக்குப் போட்டு வைத்திருந்தான். வராவிட்டால் அந்த இருபதும் மூன்றாவது ஊருக்குப் போகும்.

டிரில் கடைக்காரர் மூட்டைத் திருப்பிப் பார்த்தார். "நான் வழக்கம்போலத்தான் விட்டேன். உலையில சுருங்குறது போக, கிரைண்டிங்குக்கு ஒரு இழை."

கிரைண்டிங் சித்தப்பா சொந்தச் சித்தப்பா இல்லை, தெருவுக்கே சித்தப்பா. அவர் நிமிராமல் சொன்னார், "நான் ஒரு இழை விட்டேன். அடுத்தவங்களுக்கு."

"அடுத்தது யாரு சித்தப்பா?"

"யாரா? நம்ம கண்ணாடிதான்." சொல்லிவிட்டு அவர் நிமிர்ந்தார். "ஏன், அங்க போகலையா?"

மில்லிக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

இந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் கடையும் அளவை முழுசாக முடிக்காது. அடுத்த கடைக்காரர் செதுக்க ஓர் இழை மிச்சம் வைத்துத்தான் தட்டை அனுப்பும். ஓர் இழை என்பது ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முழுசாக முடித்து அனுப்பினால் அது அவமரியாதை. என் கைமேல் நம்பிக்கை இல்லையா என்று அடுத்தவர் தட்டைத் திருப்பி அனுப்பிவிடுவார். கடைசி ஆளாக மெருகு போடும் கண்ணாடி மாமா அந்தக் கடைசி இழையை எடுப்பார். அவர் தேய்த்த இரும்பில் முகம் பார்த்துத் தலை வாரலாம். அதனால்தான் அந்தப் பெயர்.

டிராயிங்கில் மெருகு இல்லை. வெளிப்பக்கத்துக்கு ஒரு பூச்சு மட்டும்தான். அதனால் தம்பி மாமாவின் கடையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டான். தட்டு நேராகப் பூச்சுக் கடைக்குப் போனது. பூச்சுக்கடை அக்கா துளையை ரப்பரால் அடைத்து, வெளியே மட்டும் பூசி, அழகாகத் துடைத்து அனுப்பிவிட்டாள். எல்லாரும் அடுத்தவருக்கு ஓர் இழை விட்டார்கள். அடுத்தவர்தான் இல்லை.

"டிராயிங்ல இருக்கிறது கடைசி அளவு, அக்கா," என்று பின்னாலேயே வந்திருந்த தம்பி தலையில் கை வைத்தான். "இதைப் பார்த்தா யாருக்கும் தெரியுமே."

"எங்களுக்கு டிராயிங்ல இருக்கிறது ஒரு இழை மிச்சம்தான்டா. நீ இங்கதான பொறந்தே?" என்றாள் மில்லி.

கண்ணாடி மாமாவின் கடை தெருமுனையில். ஒரு வாரமாக அவர் தம்பியோடு பேசுவதில்லை. அவனைப் பார்த்ததும் மிஷினைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"டிராயிங்ல என் பேரு இல்லையாமே."

"மாமா, தப்பு என்னுதுதான்."

"தப்பு உன்னுது இல்ல. டிராயிங்குது. அதை வந்து மன்னிப்புக் கேக்கச் சொல்லு."

தம்பி விழித்தான். மில்லி முன்னால் வந்தாள். தட்டை மாமாவின் முன்னால் வைத்தாள். ஒரு விரல் மூட்டை எடுத்து, குச்சியை அதன் வாயில் நிறுத்தி வைத்தாள். அது அங்கேயே நின்றது.

மாமா கடைக்கண்ணால் பார்த்தார். பிறகு முழுக் கண்ணால் பார்த்தார். பிறகு கையிலேயே எடுத்துக்கொண்டார்.

"எவ்வளவு?"

"ஒண்ணு, மாமா."

"சரியா ஒண்ணா?"

"பன்னிரண்டுலயும்."

மாமா மூட்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயோரம் மெல்ல இளகியது. "பாத்தியா, கிரைண்டிங்காரன் மறக்கலை. எனக்குன்னு விட்டிருக்கான்." ஏப்ரனை இழுத்துக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுக்கு நாலு நிமிஷம். யாரும் தொணதொணக்காம நில்லுங்க."

முதல் மூட்டு முடிவதற்குள் அப்பாவிடமிருந்து தம்பிக்குப் போன் வந்துவிட்டது. "டேய், வந்துட்டாங்கடா."

"மணி ஒன்பதரைதானே?"

"விமானம் சீக்கிரம் வந்துடுச்சாம். அதுக்கு நான் என்ன செய்றது, திருப்பி அனுப்பவா? ஒரு நெட்டை அம்மா, கூட ரெண்டு பேரு. அந்த அம்மா தட்டு எங்கேன்னு கேக்குறாங்க போல, கையால காட்டுறாங்க."

தம்பி போனைப் பொத்திக்கொண்டான். "அக்கா, டீ குடுத்து ஒரு மணி நேரம் உக்கார வைக்கச் சொல்றேன். பெரிய டீ."

"இங்க கூட்டிட்டு வா," என்றாள் மில்லி.

"குறையோடயா காட்டுறது?"

"குறையை எடுக்கிறதைக் காட்டுறது."

தான் சொன்னதுதானா அது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. தம்பி அவளை ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு ஓடினான்.

நெட்டை அம்மா நிஜமாகவே நெட்டை. கடை வாசலில் குனிந்துதான் நுழைந்தார். நரைத்த தலையை ஒட்ட வெட்டியிருந்தார். அந்தக் கம்பெனியின் தலைமைப் பொறியாளர். கூட வந்த இருவரும் உட்கார இடம் தேட, அவர் நேராக மாமாவின் கையருகே போய் நின்றுகொண்டார். அவர் பேசினார், தம்பி பதில் சொன்னான். அவர் மறுபடி பேசினார்.

மில்லிக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் எண்ணத் தெரியும். "தம்பி, அவங்க நாலு வாக்கியம் கேட்டாங்க. நீ பாதிதான் சொன்னே. என்ன சொன்னே?"

"கடைசிக் கட்ட வேலை நடக்குதுன்னு சொன்னேன்."

"ஓட்டை ஒரு இழை சின்னதா வந்துடுச்சு, காலையிலதான் கண்டுபிடிச்சோம்னு சொல்லு."

"அக்கா."

"அளவுல பொய் சொல்லாதேடா. அதை வச்சு யாரோ ஒருத்தரோட இதயத்துக்குள்ள கை விடப்போறாங்க."

தம்பி அதை அப்படியே சொன்னான். நெட்டை அம்மாவின் முகத்தில் இருந்த மரியாதைப் புன்னகை போய்விட்டது. கூட வந்தவரில் ஒருவர் எதையோ எழுதிக்கொண்டார். கூடவே வந்திருந்த அப்பா, அவர்களுக்கென்று கையில் வைத்திருந்த டீயைத் தானே குடித்துவிட்டார்.

"எத்தனை மணிக்குக் கண்டுபிடிச்சீங்கன்னு கேக்குறாங்க."

"ஏழே முக்கால்."

"காரணம் எப்பத் தெரிஞ்சது?"

"எட்டரை."

நெட்டை அம்மா தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்துக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. கண்ணாடி மாமா ஆறாவது மூட்டை எடுத்துத் துணியில் துடைத்து நீட்டினார். தலைமைப் பொறியாளர் தன் பையிலிருந்து தன் சொந்தக் குச்சியை எடுத்தார். அது கம்பெனிக் குச்சி, தனிப் பெட்டியில் பஞ்சுக்குள் இருந்தது. துளையின் வாயில் வைத்துக் கையை எடுத்தார்.

குச்சி ஒரு நொடி நின்றது. பிறகு உள்ளே இருந்த காற்றை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு, தூக்கத்தில் மூச்சு விடுவதுபோல, தன் எடையிலேயே இறங்கிப் போனது.

 டிரில் கடைக்காரரும் பூச்சுக்கடை அக்காவும் எப்போது வந்து வாசலில் நின்றார்கள் என்று தெரியவில்லை. சித்தப்பா எட்டிப் பார்க்க, அவர் தோளுக்கு மேலே தியேட்டர் பெண் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள்.

நெட்டை அம்மா வேகமாகப் பேச ஆரம்பித்தார். தம்பி வரிக்கு வரி தமிழில் சொன்னான். "அவங்க ஊர்ல இந்த மாதிரி ஆனா, கடிதம் போட்டு, கூட்டம் போட்டு, புது ஆர்டர் போட்டு, மூணு வாரமாம். போன ஊர்ல பன்னிரண்டும் சரியா இருந்துச்சாம். ஆனா சரியில்லேன்னா என்ன செய்வாங்கன்னு அங்க பாக்க முடியலையாம்." அவன் மூச்சு வாங்கிக்கொண்டான். "தட்டு போன வழியில நடக்கணுமாம். இப்பவே."

நடந்தார்கள். கடை கடையாக, தம்பி ஓர் இழை வழக்கத்தை அவருக்குச் சொல்லிக்கொண்டே. உலையின் வாயில், பூச்சுத் தொட்டியின் பக்கத்தில், பூதக்கண்ணாடியின் கீழே. ஒவ்வொரு கடையிலும் அவர் கேட்டது ஒரே கேள்வி: அடுத்தவருக்கு எவ்வளவு விடுகிறீர்கள்? ஒவ்வொரு கடைக்காரரும் ஒரே மாதிரி, சுட்டுவிரலை உயர்த்தி, ஒன்று என்று காட்டினார். ஐந்தாவது கடையில் நெட்டை அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். டீக்கடைக்காரர் மட்டும் இரண்டு விரலைக் காட்டினார். சர்க்கரை எவ்வளவு என்று கேட்கிறார்கள் என நினைத்தாராம்.

பன்னிரண்டு மணிக்கு, பட்டறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, அவர் முடிவைச் சொன்னார். தம்பி அதை மொழிபெயர்க்குமுன் எழுந்து நின்றுவிட்டான்.

"மூணாவது ஊருக்கு ஆளனுப்ப வேண்டாம்னு எழுதப்போறாங்களாம். தெருவையே ஒரு தொழிற்சாலையா பாக்குறாங்க. ஆய்வுக்கூடம் இங்க." அவன் நிறுத்தினான். "ஒரு நிபந்தனை. அளவு அறைக்குத் தலைமை உள்ளூர் ஆளா இருக்கணுமாம். எந்தத் தட்டு எந்தக் கடைக்குப் போகணும், கடைசி ஆள் யாருன்னு முடிவு பண்ற ஆளு." அவன் மில்லியைப் பார்த்தான். "உன்னைத்தான் சொல்றாங்கக்கா."

அப்பா கைதட்டினார். அவர் கை தட்டி யாரும் கேட்டதில்லை. அம்மா போனையே அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்றாள். அதுவும் யாரும் பார்த்ததில்லை.

நெட்டை அம்மா ஒரு படிவத்தை மேஜையில் வைத்தார். நான்கு மணிக்குள் வேண்டும். தன் அறிக்கையோடு அது போனால்தான் தலைமை அலுவலகம் இன்றே கையெழுத்திடும்.

பெயர், வயது, அனுபவம். மூன்று கட்டத்தைத் தம்பி உதவியோடு எழுதினாள். நான்காவது கட்டம், கல்வித் தகுதி. பேனா நின்றது.

"டிப்ளமான்னு போடுக்கா," என்றான் தம்பி தணிந்த குரலில்.

"எதுக்கு?"

அவன் தரையைப் பார்த்தான். "மெயில்ல உன்னைத் தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர்னு எழுதிட்டேன். ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே. யாரும் சரிபார்க்க மாட்டாங்க."

அப்பா எதையோ சொல்ல வாயெடுத்து மூடிக்கொண்டார். அம்மாதான் கேட்டாள், "உண்மையைப் போட்டா?"

"தெரியாதும்மா. அந்தப் பதவிக்கு டிப்ளமாவாவது வேணும்னு அவங்க விதியில இருக்கு. தலைமை அலுவலகம் முடியாதுன்னா, நாளைக்கு மூணாவது ஊருக்குத்தான் விமானம்." தம்பி அவள் பக்கம் திரும்பினான். "நூத்திப் பதினேழு கடை, அக்கா. ஒரே ஒரு கட்டம்."

மூன்று மணி ஐம்பதுக்கு மில்லி தெருமுனைக்குத் தனியாக நடந்தாள். கார் கிளம்பத் தயாராக நின்றது. நெட்டை அம்மா டீக்கடை பெஞ்சில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். படிவத்தை வாங்கி, போனின் கேமராவை அதன்மேல் பிடித்தார். எழுத்து மொழி மாறித் திரையில் வந்தது. நான்காவது கட்டத்தில் மில்லி எழுதியிருந்தது: ஒன்பதாம் வகுப்பு, பாதி வரை.

அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு போனிடம் ஏதோ சொன்னார். போன், உணர்ச்சியே இல்லாத குரலில், தமிழில் கேட்டது: "மீதிப் பாதியை எங்கே படித்தீர்கள்?"

மில்லி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். உலையின் வெளிச்சம், சித்தப்பாவின் கிரைண்டிங் பொறி, பால்கனியில் எழும்பும் ட்ரோன்.  சுட்டுவிரலை நீட்டி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை காட்டினாள்.

நெட்டை அம்மா பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் எதையோ எழுதினார். அடித்தாரா, சேர்த்தாரா, தெரியவில்லை. படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். அவள் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டுக் காரில் ஏறினார்.

ஐந்து மணி ஆயிற்று. பட்டறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. "உண்மையையே போட்டுட்டேன்," என்று மில்லி சொன்னபோது தம்பி திட்டவில்லை. பக்கத்தில் வந்து தரையில் உட்கார்ந்துகொண்டான். அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தரைக்கு அவன் போன் அடித்தது. எடுத்துக் கேட்டான். முகத்தில் நிறம் வந்ததா போனதா என்று சொல்ல முடியவில்லை.

"அவங்க தலைமை அலுவலகம். பெரிய அதிகாரி, கூட்டத்துல இருந்து பேசுறாராம். பத்து பேரு கேட்டுட்டு இருக்காங்களாம்." அவன் போனைப் பொத்திக்கொண்டான். "மொழிபெயர்க்க அங்கயே ஆள் இருக்காம். நான் வேண்டாமாம். ஒரே ஒரு கேள்வியாம். அதுக்கு நீயே பதில் சொல்லணுமாம்."

அப்பா லேத்தை நிறுத்தினார். இத்தனை வருஷம் அவளை ஒளித்து வைத்திருந்த சத்தம் சுழன்று, இறங்கி, அடங்கியது.

மில்லி கையைத் துணியில் துடைத்தாள். போனை வாங்கினாள்.

எழுந்து நின்றாள்.